மாமா சண்டைக்குப் போன மாம்பழக் காலம்

மாந்தோப்பில் வளர்ந்தவன் என்று சொல்லிவிட்டால் போதும், என்னைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வாயில் எச்சில் ஊறுகிறது. நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பல் போன வாயோடு மல்கோவாவைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறோம். நானும் சளைக்காமல் அளப்பேன். எந்த மரத்தில் தேன் அடை இருந்தது, எந்தக் கிளையில் ஏறினால் சிவப்பெறும்பு கடிக்கும், எல்லாம் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு வருஷத்து மாம்பழக் காலத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவேன். நீங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை.

அது வெள்ளைக்காரர்களுக்கும் போயர்களுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் நெட்டாலில் சண்டை நடந்த வருஷம். என் அக்கா புருஷன் அந்தச் சண்டைக்குப் போன வருஷம். என் வாழ்நாளிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது வேறு எந்த வருஷமும் இல்லை. இத்தனை காலம் கழித்தும் என்னை உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும் என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

எங்கள் தோப்பு ஊரிகத்திலிருந்து பூதிகோட்டைக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்தில் இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, ஆம்பூர்ப் பக்கம். தங்கச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்த மேஸ்திரியோடு வந்து, ஒரே ஒரு நாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி உள்ளே இறங்கினார். மேலே வந்ததும், “இனிமே செத்தாத்தான் மண்ணுக்குள்ள போவேன்” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாராம். அப்புறம் சுரங்கக் கூலிகளின் வீட்டு வரிசைகளில் லைன் லைனாகக் கூடை சுமந்து பழம் விற்றார். கடைசியில் கவுடர் ஒருவரிடமிருந்து அந்தத் தோப்பையே வாங்கிவிட்டார்.

தோப்பு என்றால் அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கல்லை இடிக்கிற மில் சத்தம் ராத்திரி பகல் ஓயாது. நாங்கள் அந்தச் சத்தத்தில் பிறந்தவர்கள், அது நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். காற்று திரும்பி அடித்தால் மில்லுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் மாவு மண் பறந்து வந்து மாம்பூவில் படியும். நைனா அப்போதெல்லாம் மில் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுவார். மண்ணைத் திட்டுவாரா, துரைமார்களைத் திட்டுவாரா என்று எனக்குப் புரிந்ததில்லை.

என்னை வளர்த்தது அக்காதான். அம்மாவுக்குத் தோப்பு வேலையே சரியாக இருந்தது. குளிப்பாட்டினது, பேன் பார்த்தது, முள் எடுத்தது, பொய் சொன்னபோது காப்பாற்றினது எல்லாம் அக்கா. அவளைக் கட்டிக்கொடுத்த அன்று நான் வைக்கோல் அறையில் போய்ப் படுத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்றேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் ஒரு பையன் சாப்பிடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மாமா சுரங்க ஆள். தாய் தகப்பன் இல்லாதவர், குடி இல்லாதவர், அதனால்தான் சுரங்கத்தை வெறுத்த நைனாவும் பெண்ணைக் கொடுத்தார். ஊரிகத்தில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீட்டில் அக்காவைக் கொண்டுபோய் வைத்தார். நல்ல மனுஷன். நான் அவரோடு பேச மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றபோதும், வேலையில்லாத நாளெல்லாம் அக்காவைத் தோப்புக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். மடியில் எனக்காக மெழுகுவத்தித் துண்டுகள் இருக்கும். சுரங்கத்துக்குள் தொப்பியில் களிமண் வைத்து ஒட்டிக்கொண்டு போகிற வத்திகளின் அடிக்கட்டை. புகையும் கொழுப்பும் வியர்வையும் கலந்து நாறும். அவற்றை உருக்கி நான் ஒரு ஓட்டாஞ்சில்லில் சேர்த்து வைத்தேன். இப்போது அந்த நாற்றம் எங்கேயும் கிடைக்காது.

“எம்மேல கோவமாடா?” என்று கேட்பார்.

“ஆமா” என்பேன்.

“நாயந்தான்” என்பார். அவ்வளவுதான்.

சண்டை எங்களிடம் முதலில் வைக்கோலாக வந்தது. பெங்களூர்ப் பட்டாளத் தண்டிலிருந்து குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கப்பல் ஏறுகின்றன, அவற்றுக்குத் தீனி வேண்டும் என்று ஊர் ஊராக வைக்கோலை வாரிக்கொண்டு போனார்கள். மாங்காயைப் பழுக்கப் போட எங்களுக்கு வைக்கோல் இல்லாமல் போகும் என்று நைனா புலம்பினார். வைக்கோலுக்குப் பின்னால் ஆள் கேட்டு வந்தார்கள். கழுதை ஓட்ட ஆள் வேண்டும், துப்பாக்கி தூக்க வேண்டாம், சம்பளம் சுரங்கத்தைவிட நல்ல சம்பளம், சாப்பாடு சர்க்காருடையது என்று மேஸ்திரி லைனெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயம் பார்த்து பூமிக்குள் மாமா வேலை செய்த லெவலில் பாறை வெடித்து விழுந்தது. அவர் பக்கத்தில் நின்றவர் அங்கேயே போய்விட்டார். மாமா தோப்புக்கு வந்து இரண்டு நாள் சுரங்கத்துப் பக்கமே போகாமல் உட்கார்ந்திருந்தார். நைனா விடவில்லை.

“நெட்டாலுதானே? நம்ம ஊரு ஜனமே எத்தினியோ பேரு கரும்புத் தோட்டத்துக்குப் போன எடம். பூமிக்கு மேல வேல. கழுத பின்னால நடக்கற வேல. போய்ட்டு வாய்யா.”

“இவள வுட்டுட்டு எப்பிடி மாமா போறது?”

“அடடா, பொண்டாட்டி முந்தானைய புடிச்சிகினு நிக்கறாரு பாரு. அத்த வேணும்னா கிழிச்சி மடியில கட்டியனுப்பட்டுமா?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். மாமா போனால் அக்கா லைன் வீட்டில் தனியாக இருக்க மாட்டாள், தோப்புக்கு வந்துவிடுவாள் என்று நான் அதற்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் மாமாவின் முகத்தைப் பார்த்து, போகிறாரா போகிறாரா என்று காத்திருந்தேன். நைனாவின் கேலி தாங்காமல்தான் அவர் போனார். மாப்பிள்ளையைக் குழிக்குள்ளிருந்து காப்பாற்றிவிட்டதாக நைனா மனதார நம்பினார்.

ஊரிகம் ஸ்டேஷனில் வழியனுப்பினோம். மாமாவோடு பக்கத்து லைன் வீட்டுக்காரர் ஒருவரும் போனார். நெட்டையாக, எப்போதும் காது மடலைத் தடவிக்கொண்டிருக்கிற ஆள். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் கடைசிவரை ‘கூடப் போனவர்’ என்றுதான் சொல்வோம். வண்டி நகரும்போது மாமா குனிந்து என் தலையில் கை வைத்தார்.

“அக்காவ பாத்துக்குவியா?”

“பாத்துக்குவேன். நீங்க மெதுவா வாங்க மாமா, ஒண்ணும் அவசரமில்ல.”

ஸ்டேஷனே சிரித்தது. மாமாவும் வாய்விட்டுச் சிரித்தார். பையனுக்கு என்ன மரியாதை, என்ன பேச்சு என்று மேஸ்திரி என் முதுகில் தட்டினார். நான் சொன்னதை அப்படியே மனதிலிருந்துதான் சொன்னேன் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு தோப்பில் நான் ராஜா. அக்கா தட்டுமுட்டுச் சாமானோடு வந்து இறங்கினாள். மரமெல்லாம் பூ. பூ வாசனை காலையில் ஒரு மாதிரி இருக்கும், வெயில் ஏறினால் புளிப்பேறித் தலையை வலிக்கும். அக்காவும் நானும் ஆளுக்கொரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு கிளி விரட்டினோம். மாவு மண் படிந்த பூங்கொத்துகளை அவள் முந்தானையால் தட்டிவிடுவாள், அது என் தலையில் கொட்டும், நான் கிழவன் மாதிரி நரைத்துப்போய் அவளைத் துரத்துவேன். பிஞ்சு விட்டதும் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்று இரண்டு பேருக்கும் வாய் வெந்துபோயிற்று. அவள் சில நேரம் நடுவில் நின்று, “இந்நேரம் இன்னா துன்னாரோ” என்பாள். “நல்லாத்தான் துன்னிருப்பாரு” என்று நான் சொல்லி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அப்போது எனக்கு அவள் பெரிய மனுஷி.

காய் முற்றுகிற நேரம். ஒரு நாள் உச்சி வெயிலில் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறுகிற வேளையில் ஊதினால் அது சங்கு. வேளை தப்பி ஊதினால் யாரோ ஒருத்தியின் தாலி. லைன் பெண்களுக்கு அப்போது ஒரு பழக்கம் கைவந்திருந்தது. முதலில் அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர், தட்டி வீடு பற்றிக்கொள்ளக் கூடாதே. அப்புறம் ஆள் இறங்குகிற குழிவாய், அந்த ஷாஃப்டை நோக்கி ஓட்டம். அன்றைக்கு ஒரு சங்கு இல்லை, எல்லாச் சுரங்கத்துச் சங்கும் சேர்ந்து ஊதின. அக்கா துள்ளி எழுந்தாள். கொதித்துக்கொண்டிருந்த உலையையே அடுப்பில் கவிழ்த்துவிட்டு ஓடினாள். மாமா உள்ளே இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்பது அவள் காலுக்குத் தெரியவில்லை. நான் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். நிற்கவே இல்லை.

ஷாஃப்ட் வாயில் பார்த்தால் துரைமார்கள் தொப்பியை வானத்தில் எறிந்து பிடிக்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்த பெண்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். துரை பங்களா சமையல்காரர்தான் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று சொன்னார்.

“யாரும் சாவல! அழுவாதீங்க! சண்டையில நம்ம துரைங்க கெலிச்சிட்டாங்க!”

எதிரி வளைத்து வைத்திருந்த ஏதோ ஓர் ஊர் மீட்கப்பட்ட சேதி அது என்பது பிற்பாடு தெரிந்தது. சண்டை அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் அன்றைக்கு அவ்வளவு பேரும் சண்டை முடிந்தது என்றுதான் எடுத்துக்கொண்டோம். அவ்வளவு சங்கு ஊதி, அவ்வளவு துப்பாக்கி வெடித்து, ஓர் ஊருக்காகவா கொண்டாடுவார்கள்? அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், அப்புறம் தன்னையே நினைத்து வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“நான் இன்னாத்துக்குடா ஓடியாந்தேன்?” என்றாள். “வந்துடுவாரு இல்ல? இனிமே வந்துடுவாரு.”

நான் தலையை ஆட்டினேன். வீடு வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்தால் நைனா ஒரேயடியாகக் குஷி. தான் சொன்னது பலித்துவிட்டது அல்லவா! கிணற்றடி மல்கோவாவில் ஒரு காய்கூட இந்த வருஷம் விற்கக் கூடாது, எல்லாம் மாப்பிள்ளைக்கு என்றார். கப்பல் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று நைனாவுக்குத் தெரியாது. காய் பழுக்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளந்தார்.

“இன்னிக்குப் பறிச்சிப் போட்டா, அவரு வந்து எறங்கறதுக்கும் பழம் கனியறதுக்கும் சரியா இருக்கும்.”

எங்கெங்கோ கெஞ்சி வைக்கோல் வாங்கிக்கொண்டு வந்தார். வைக்கோல் அறையில் அக்காவே அடுக்கினாள். காம்பு கீழே இருக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று படக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். புரட்டிப் பார்க்கிற வேலை எனக்கு. அறைக்குள் போனால் சூடு முகத்தில் அடிக்கும். முதல் இரண்டு நாள் வைக்கோல் வாசனை மட்டும், அப்புறம் மெல்ல அந்த வாசனை ஏறும், கடைசியில் கதவைத் திறந்தால் வீடே மயங்கும்.

பழம் கனிந்ததும் அக்கா கூடையில் எடுத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடி, பௌரிங்பேட்டிலிருந்து வரும் ரயிலுக்குப் போய் நின்றாள். நானும் போனேன். இறங்கினவர்களில் மாமா இல்லை. மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். பழம் கறுக்க ஆரம்பித்தால் நைனா அடுத்த பறிப்பைப் போடுவார். “இந்தத் தடவ சரியா இருக்கும்” என்பார். அம்மா மட்டும் முணுமுணுத்தாள். “மனுசன் வரட்டும், காய் எங்க ஓடிடும்?” நைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு நாளும் வண்டி கண்ணில் பட்டதும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எல்லோரும் இறங்கி முடித்ததும் நிம்மதியாகிவிடும். பக்கத்தில் அக்கா கூடையோடு நின்று கடைசிப் பெட்டிவரை பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி நடக்கிறபோது நான்தான் வாய் ஓயாமல் பேசுவேன்.

இன்னொன்றும் செய்தேன். புரட்டுகிற சாக்கில் உள்ளே போய், இருப்பதில் நல்ல பழமாக ஒன்றைத் தினமும் தின்றேன். மாமாவுக்கு என்று வைத்ததுதான் ருசியாக இருந்தது. அதைவிட இனிப்பான பழம் வேறு மரத்தில் இருந்தது, ஆனால் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கொட்டையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, “ரெண்டு அழுகிப்போச்சு, எறிஞ்சிட்டேன்” என்று அக்காவிடம் சொல்வேன். “போவட்டும்” என்பாள்.

கிணற்றடி மரம் மொட்டையானது. மழை பிடித்துக்கொண்டது. ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், வேலிப் படலுக்கு வெளியே ஒருவர் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. காது மடலைத் தடவியதைப் பார்த்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. கூடப் போனவர். ஒரு கால் மடங்கவில்லை. கழுதை உதைத்து முழங்கால் போனதாம், அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“மாப்ள எங்க?” என்றார் நைனா. எட்டி அவருக்குப் பின்னாலும் பார்த்தார்.

“பெரியவரே... அவரு நெட்டாலுக்கே போய்ச் சேரல.”

“இன்னா சொல்ற?”

“கப்பல்லயே ஜொரம். மூணாம் நாளே நெனவு தப்பிச்சி. அப்புறம் துணி சுத்தி... கடல்ல வுட்டுட்டாங்க. நான் எட்ட நின்னு பாத்தேன், கிட்ட வுடல.”

அக்கா மழையில் இறங்கி வந்து படல் அருகே நின்றாள்.

“எப்ப?”

“தை மாசம்மா. கடேசி இருக்கும்.”

தை கடைசியில் தோப்பெல்லாம் பூ. நாங்கள் தகர டப்பா தட்டிக்கொண்டிருந்தோம். சங்கு ஊதினபோது, நைனா வைக்கோல் தேடி அலைந்தபோது, அக்கா கடைசிப் பெட்டிவரை பார்த்துக்கொண்டு நின்றபோது, மாமா இல்லவே இல்லை. அம்மா மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நைனா வேலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘நான்தான் போகச் சொன்னேன்’ என்று அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரையும் கேலி பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அக்கா இனி எங்கேயும் போகமாட்டாள். இதுதான் தோன்றியது. அழுகை அப்புறம் வந்தது, அதுவும் அம்மா அழுததைப் பார்த்து வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா வைக்கோல் அறைக்குள் போனாள். பயந்துபோய் நானும் பின்னால் போனேன். மீதமிருந்த பழங்கள் அழுகிக் கசிந்து வைக்கோலோடு ஒட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் கையாலேயே வாரி வாரி வெளியே போட்டாள். நான் மெதுவாகச் சொன்னேன், அழுகினது என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்று.

“தெரியும்டா. உன் வாய மோந்தா தெரியாதா?” என்றாள். கொஞ்ச நேரம் வாரினாள். “போவட்டும், நீயாவது துன்னியே.”

அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

கூடப் போனவர் அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். அந்தக் காலோடு சுரங்கத்தில் சேர்க்கவில்லை. தோப்பில் வேலி கட்டினார், கூடை முடைந்தார். அக்கா அவருக்குக் கூழ் ஊற்றுவாள். மாமாவைப் பற்றித்தான் கேட்பாள். கடைசியில் என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், கடல் என்ன நிறம். கேட்டதையே கேட்பாள், அவரும் சலிக்காமல் சொன்னதையே சொல்வார். மறு வருஷம் மரம் பூத்தபோது ஒரு நாள் கிணற்றடியில் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ கழுதைக் கதை சொல்லியிருக்கிறார். அந்தச் சேதி வந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. எனக்கு அந்த ஆளைக் கல்லால் அடிக்கலாம் போலிருந்தது.

எங்கள் ஜனத்தில் தாலி அறுத்தவளுக்கு மறுபடி தாலி கட்டுவது உண்டு. யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் அதில் ஒரு வழக்கம். பெண்ணை ஒரு தடவை தாரை வார்த்துக் கொடுத்த தகப்பன் கை இரண்டாம் தடவை கொடுக்கக் கூடாது. கூடப் பிறந்தவன்தான் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் வெற்றிலைத் தட்டைக் கை நீட்டி வாங்க வேண்டும். அவன் வாங்கினால் பேச்சு முடிந்தது.

மேஸ்திரிதான் தட்டோடு வந்தார். லைன் பெண்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் கூடப் போனவர், வெள்ளை வேட்டி கட்டி, காது மடலைத் தடவிக்கொண்டு. அம்மா என்னைக் குளிப்பாட்டி, நைனாவின் துண்டை இடுப்பில் கட்டி, பாயில் உட்கார வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பையனுக்குள் ஒரு மனசு இருக்கும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

“கைய நீட்டுடா” என்றார் நைனா.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

“டேய், நீட்டு.”

நீட்டவில்லை. தட்டைப் பார்க்கவும் இல்லை. மேஸ்திரி சிரித்து ஏதோ சொல்லிப் பார்த்தார். நான் அழுதேன். அழுதால்தான் விடுவார்கள் என்று தெரியும்.

“அய்யோ, மாமாவ நெனச்சிகினு அழுவறாம்மா எங்கொழந்த” என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். எல்லோர் முகமும் மாறிவிட்டது. “இத்தினூண்டு புள்ளைக்கு இன்னா விசுவாசம் பாரு” என்றார் மேஸ்திரி. லைன் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையை அனுப்பினது நாம், மறக்காமல் இருப்பது இந்தப் பிள்ளை என்று நினைத்திருப்பார். அதற்கு மேல் என்னை வற்புறுத்த அவருக்கு வாய் வரவில்லை.

கூடப் போனவர் நொண்டி நொண்டி வந்து என் எதிரில் குந்த முடியாமல் குனிந்தார்.

“சரிடா தம்பி. நீ செய்றது நாயந்தான். அவரு அப்பிடியாப்பட்ட மனுசன்” என்றார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் அம்மா வைத்துவிட்ட பூ இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் நான் ஏன் அழுகிறேன் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மேஸ்திரியே என் கையைப் பிடித்து இழுத்துத் தட்டில் வைத்திருப்பார்.

“வுடுங்க” என்றாள். “அவன் கைய இஸ்து வாங்கி இன்னா ஆவப்போவுது. எடுத்துகினு போங்க.”

பூவை எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடப் போனவர் பிற்பாடு மாரிக்குப்பத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாலு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருந்தார். அக்காவைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை. தம்பி இடம்கொடுக்க மாட்டான் என்று பேர் ஆகிவிட்டது.

நான் ஆசைப்பட்டபடியே அக்கா தோப்பிலேயே இருந்தாள். மீசை முளைத்ததும் போனது நான்தான். நைனா கண்ணை மூடின வருஷம் சுரங்கத்தில் சேர்ந்தேன். லைனில் வீடு கொடுத்தார்கள், கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயின. அக்காவை வந்து எங்களோடு இரு என்று கூப்பிட்டேன், வாயால் கூப்பிட்டேன். தோப்பை யார் பார்ப்பது என்றாள். அம்மா போன பிறகு அத்தனை மரத்துக்கு நடுவில் அவள் ஒருத்தி. பழக் காலத்தில் பிள்ளைகளோடு போய்ச் சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு வருவேன். மற்ற மாதங்களில் ஷிஃப்ட் இருந்தது, வேலை இருந்தது, ஏதோ ஒன்று இருந்தது.

கடைசியாக ஒன்று. என் பெரிய பெண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு எழுந்து நின்றார்கள். நல்ல இடம், கை நழுவிப் போகக் கூடாதே என்று எனக்குப் பரபரப்பு. அவர்கள் சம்பிரதாயமாக ஏதோ சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். பெண்கள் பக்கத்தில் ஓரமாக, பூவும் பொட்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டாள்.

“பரவால்லியே” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. “எந்தம்பிக்குக் கை நீட்டத் தெரியுது.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே வேடிக்கையாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாங்கின தட்டு சரிந்து, அதிலிருந்த பாக்கு உருண்டு கீழே விழுந்தது. பெண்ணைப் பிரியப்போகிற துக்கம், பெற்ற மனசு என்று மாப்பிள்ளையின் தகப்பனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.